உலையும் அணியும்

நாடாளும் தலைவர் ஒருவர் மீண்டும் வருவாரா, மாட்டாரா? இதற்கு விடை காண ஜோதிடம் பார்க்க வேண்டியதில்லை, தோழர்களே! இரண்டு இடங்களை எட்டிப் பார்த்தால் போதும். ஒன்று ஏழையின் அடுப்பங்கரை. மற்றொன்று கட்சிகள் கூடித் தொகுதி பேசும் கூடம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் 1991-ல் வளைகுடாப் போரில் வென்றார், உலகமே வியந்தது. மறு ஆண்டே தேர்தல் வந்தது. வேலையில்லாதோர் வரிசை நீண்டிருந்தது. போர் வெற்றி சோறு போடுமா? பதவி போயிற்று!

இலங்கையைப் பாருங்கள். 2022-ல் எழுபது விழுக்காட்டை ஒட்டி ஏறிய பணவீக்கத்தை அடக்கிவிட்டேன் என்று 2024-ல் வாக்குக் கேட்டார் ரணில் விக்கிரமசிங்கே. கணக்கு பொய்யல்ல. ஆனால் விலை ஏறும் வேகம் குறைவது வேறு, ஏறிய விலை இறங்குவது வேறு. ஏறிய விலை ஏறியபடியே நின்றது. அவரது கட்சியோ 2020-லேயே பிளந்துவிட்டது, சுயேச்சையாக நின்றார். கிடைத்தது 17 விழுக்காடு, மூன்றாம் இடம்.

இந்தப் பாடத்தை நம் சென்னை 1967-லேயே படித்துவிட்டது. தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்தார். அதே நகரின் பசுல்லா சாலையில் ராஜாஜி. இருவரும் பழைய காங்கிரசுக்காரர்களே. ஆனால் அந்தத் தேர்தலில் ஒருவர் காங்கிரசின் அகில இந்தியத் தலைவர். மற்றவர் அதை வீழ்த்தத் தி.மு.க.வோடு கைகோத்தவர்.

காங்கிரசு ஒன்றும் செய்யாத கட்சியா? பள்ளிகள் திறந்தது, மதிய உணவு தந்தது, கிண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. ஆனால் 1965-66-ல் வானம் பொய்த்தது. அரிசி அரிதாயிற்று, விலை ஏறியது. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆகச் சரிந்தது. 1965-ன் மொழிப் போராட்டத்தில் பாய்ந்த குண்டுகளின் வடுவும் ஆறவில்லை. கடைவாசலில் வெறும் பையோடு நின்றவனிடம் தொழிற்பேட்டையைக் காட்டி என்ன பயன்?

ஆனால், பசி மட்டுமே ஆட்சியை மாற்றிவிட்டதா? இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டும். 1962-ல் காங்கிரசு பெற்றது 46 விழுக்காடு வாக்கு, 1967-ல் 41. ஐந்தே விழுக்காடுதான் குறைவு! 174 இடங்களில் நின்ற தி.மு.க.வும் ஏறத்தாழ 41 விழுக்காடே பெற்றது. இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51! முன்பு சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்கு, சுதந்திராக் கட்சி, மார்க்சியக் கம்யூனிஸ்டுகள், முஸ்லிம் லீக் என ஓரணியில் திரண்டதன் விளைவு அது. தியாகராய நகரில் ம.பொ.சி. வென்றார், தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் அண்ணா வென்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். காமராசரே விருதுநகரில் தோற்றார்.

ஆகவே, விலைவாசி சினத்தை வளர்க்கிறது; அணி அந்தச் சினத்தை இடங்களாக மாற்றுகிறது. சினமிருந்து அணியில்லையேல் ஆள்வோர் தப்புவர். அணியிருந்து சினமில்லையேல் மேடைதான் நிறையும், பெட்டி நிறையாது.

வென்றவரையும் உலை விடவில்லை. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது; பணமின்மையால் மாநிலம் முழுதும் பரவ முடியவில்லை. வாக்குறுதி எளிது, படியளப்பது கடினம்!

எந்தக் கொடியின் கீழ் உழைப்பவராயினும், தொண்டர்கள் இதை மறக்கலாகாது. சாதனைப் பட்டியலை மனப்பாடம் செய்யுமுன் மயிலையின் சந்துகளுக்கும் அடையாற்றின் குடிசைகளுக்கும் போங்கள். இம்மாதம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் வாடகைக்கும் எவ்வளவு போயிற்று, கையில் எவ்வளவு மிஞ்சிற்று என்று கேளுங்கள். கேட்டதைத் தலைமைக்குக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். 1967-ல் ஆண்டவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அல்லது சொன்னவன் பேச்சு ஏறவில்லை.