உதடு முந்தும், குரல் பிந்தும்

பிழை தெரியவருவது எடிட்டிங் மேசையில். பிறப்பது விழாக் களத்தில்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள நல்லேப்பிள்ளி, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர். தை பிறந்தால் இந்த வட்டாரத்தில் கோயில் விழாக்கள் களைகட்டும். கூடவே கேமராக்களும் புறப்பட்டுவிடும். ஒரு காலத்தில் தோளில் சுமந்த வி.எச்.எஸ். கேமரா, இப்போது சட்டைப்பை செல்போன். மாறாதது ஒன்றுதான்: விழா முடிந்த நாலாம் நாள் எடிட்டிங் மேசையில் எழும் புலம்பல். பாடகரின் உதடு முந்துகிறது, குரல் பின்னால் வருகிறது. செண்டை அதிரும் இடத்தில் கரகரப்பு. அடியில் ஓயாத ஓர் 'உம்'. பழி உடனே கம்ப்யூட்டர் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது நிரபராதி.

முதலில் உதடு-குரல் தகராறு. இதில் இரண்டு வகை உண்டு. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகல் என்றால் கவலை இல்லை. ஒலியை அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகினால் விஷயம் வேறு. கேமராவுக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் தனித்தனிக் கடிகாரங்கள். இரண்டுக்கும் 10 லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே, ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகும். ஆறு மணி நேர நிகழ்ச்சியில் ஒரு வினாடிக்கு மேல். செல்போன் இன்னும் குறும்பு. வெளிச்சம் குறைந்தால், வினாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் அதை நிலையான கணக்குக்கு மாற்றிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

குரல் தடித்து, சுருதியும் இறங்கியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது ஒலியின் மாதிரிக் கணக்கை. வீடியோவில் வழக்கம் வினாடிக்கு 48,000 மாதிரிகள், இசை சி.டி.யில் 44,100. முன்னதைப் பின்னதாக நினைத்து ஓட்டினால் ஒரு மணி நேரப் பாட்டு 65 நிமிடம் 18 வினாடிக்கு நீளும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். சரியான எண்ணைக் கொடுத்தால் குரல் திரும்பிவிடும்.

கரகரப்புக்கு அப்படி மருந்து இல்லை. செண்டையின் ஓசை கருவியின் எல்லையைத் தாண்டும்போது ஒலி அலையின் தலை வெட்டுப்படுகிறது. வெட்டிய தலையை எந்த மென்பொருளும் முழுதாக ஒட்டித் தராது. மேளம் உச்சத்தில் இருக்கும்போதே பார்த்து, அளவு மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி வைப்பதே வழி. தானியங்கி ஒலி அளவையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மேளம் ஓய்ந்ததும் வெறும் இரைச்சலைத் தூக்கிக் காட்டும்.

இந்த மண்ணுக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: காற்று. கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசுவதை மலையாளிகள் விருச்சிகக் காற்று என்கிறார்கள். மைக்கில் மோதும் காற்றைப் பிறகு வடிகட்டப் பார்த்தால் பேச்சின் கனமும் சேர்ந்து போகும். மைக்குக்கு ரோம உறை போடுவது மலிவான காப்பு.

அடுத்து அந்த 'உம்'. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரும் பதிவுக் கருவியும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் அந்த அதிர்வு ஒலியில் ஏறிவிடும். கருவியை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 'உம்' நின்றால் கோளாறு அங்கேதான். இடையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். பிளக்கின் எர்த் கம்பியைப் பிடுங்கிவிடும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். சத்தம் போகலாம், ஆம்ப்ளிஃபயரில் மின்கசிவு ஏற்பட்டால் தொட்டவர் உயிரும் போகலாம்.

கல்யாண வீடியோ கெட்டால் சிரித்துக்கொண்டு மறந்துவிடலாம். மறக்க முடியாதவையும் உண்டு. இதே மாவட்டத்தின் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. கூத்துமாடத் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். கம்பராமாயணப் பாட்டுகளைப் புலவர்கள் பாடி, விடிய விடியப் பொருள் சொல்கிறார்கள். எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும்; கேட்பவள் பகவதி. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கூத்துகளை ஒலிப்பதிவு செய்து, ஆராய்ந்து, 1996இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். திரைக்குப் பின்னால் புலவர்கள் ஒருவருக்கொருவர் கேட்கும் கேள்வியும் பதிலும் வெளியுலகுக்குக் கிடைத்ததற்கு ஒலிநாடா ஒரு காரணம். ஒவ்வொரு புலவரின் விளக்கமும் தனி. அந்தக் குரல் ஓய்ந்த பிறகு இன்னொரு முறை பாடச் சொல்ல முடியாது.

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளுக்கும் இது பொருந்தும். கேரளத்து ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பிளேயரில் போடக் கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். முதலில் சுத்தம், பிறகுதான் டிஜிட்டல் பிரதி.

களத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து ஹெட்ஃபோனில் கேட்பது. கேமராவையும் பதிவுக் கருவியையும் ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். முதல் தட்டல் ஒலியையும் படத்தையும் சேர்க்கும். இரண்டாவது, இடையில் எவ்வளவு விலகியது என்று சொல்லிவிடும். செலவு ஒரு பைசா இல்லை.