வீடியோ ஃப்ரீ... கணக்கை யார் போடுறது?

ஜே.இ.இ. மெயின் தேர்வில் 3 மணி நேரத்துக்கு 75 கேள்விகள். அதில் கணிதம் 25. சராசரியாக ஒரு கேள்விக்கு 2.4 நிமிடம்தான். விட்டுவிட்டுப் போகும் சாய்ஸும் 2025 முதல் கிடையாது. 'உங்க வேகத்துல படிங்க' என்று அழைக்கும் ஆன்லைன் வகுப்புகள் இதற்குக் கைகொடுக்குமா?

பாடம் புரிய, கண்டிப்பாக. கோச்சிங் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, ஐஐடி பேராசிரியர்களின் 'ஐஐடி-பிஏஎல்' பாடங்கள் இணையத்தில் இலவசம். தொகை நுண்கணிதம் புரியலையா? நாலு தடவை பார்க்கலாம், யாரும் திட்டப் போறதில்லை.

சிக்கல் வேற இடத்தில். ஆசிரியர் போட்டுக் காட்டும்போது எல்லாக் கணக்கும் சுலபம்தான். வெள்ளைத்தாளில் தனியாகப் போடும்போது மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிடும். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும் தேர்வில், 'புரிஞ்ச மாதிரி இருந்துச்சு' என்பதற்கு மார்க் கிடையாது.

பழைய வினாத்தாள்கள் என்.டி.ஏ. தளத்திலேயே கிடைக்கின்றன. டைமர் வைத்து வீட்டிலேயே எழுதிப் பார்க்கலாம் (வீடியோவை 2எக்ஸ் வேகத்தில் ஓட்டுவது பயிற்சி ஆகாது). ஆனால், எந்த ஸ்டெப்பில் தப்பு என்று காட்ட ஆள் வேண்டுமே? கோச்சிங் சென்டர்கள் காசு வாங்குவது பெரும்பாலும் அதற்குத்தான். அரசு இன்னும் ஆயிரம் வீடியோ ஏற்றுவதைவிட, வாரம் ஒருநாள் மாலை, பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு கணித ஆசிரியரை இதற்காக உட்கார வைக்கலாம்.