ஆங்கிலச் சொல்லும் அடியார் உறவும்

கடல் கடந்த நாடுகளிற் பிறந்து வளருஞ் சைவச் சிறார் பலர், இந்நாளில் திருமுறைகளின் பொருளை ஆங்கிலத்தின் வாயிலாகவே அறிகின்றனர். அவர்க்குப் பொருள் கூறப் புகுவாருள் ஒரு சாரார், 'அடியார்', 'ஆட்பட்டார்', 'உடையான்' என்னுஞ் சொற்கள் இக்காலத்தார் செவிக்கு இன்னாவாம் எனக் கருதி, அவற்றை விலக்கி, 'கடவுளின் பேமிலி', 'அவர்க்குப் பிலாங் ஆதல்' என்றாற்போலுந் தொடர்களை அமைக்கின்றனர். அடிமை இழிவு, குடும்பம் உயர்வு. ஆகலின் இம்மாற்றஞ் சைவத்திற்கு ஆக்கமேயாம் என்பது அவர் கொள்கை. அது சொல்லாராய்ச்சிக்கும் பொருந்தாது, சித்தாந்தத்திற்கும் பொருந்தாது. என்னை? கூறுதல் வேண்டும்.

முதலாவது, அவர் உயர்வெனக் கொண்ட 'பேமிலி' என்னுஞ் சொல்லின் பிறப்பினை நோக்குக. இலத்தீன் மொழியில் 'பாமுலுஸ்' என்பது ஏவலாளனுக்குப் பெயர். அதன்வழிப் பிறந்ததே 'பாமிலியா' என்பது. உரோமர் வழக்கில் அச்சொல் வீட்டுத்தலைவனுக்குரிய அடிமைகளையும் அடக்கி நின்றது. 'பிலாங்' என்பதோ, ஒருவர் ஒரு கூட்டத்தைச் சார்ந்திருத்தலையும், ஒரு பொருள் ஒருவர்க்கு உடைமையாதலையும் ஒருங்கே உணர்த்துவது. எனவே, அடிமைப் பொருளினின்று தப்புதற்பொருட்டு ஆங்கிலத்தை அடைந்தார், அவ்வடிமையின் வாயிலிலேயே சென்று நின்றாராயினர்.

இரண்டாவது, தமிழ்ச் சொற்கள் தம்முட் கொண்ட உறவுரிமை அவ்வாங்கிலத் தொடர்களிற் காணப்படுவதன்று. பண்டைத் தமிழில் எந்தை, நுந்தை, தந்தை எனவும், யாய், ஞாய், தாய் எனவும், எம்பி, நும்பி, தம்பி எனவும் முறைப்பெயர்கள் வழங்கின. உறவு யார்க்கு உரியது என்பது பெயரின் உள்ளேயே அமைந்து கிடந்தது. 'எம்பெருமான்' என்புழிக் கேட்பார் புறத்தே நிற்பர். 'நம்பெருமான்' என்புழி அவரும் உளப்படுத்தப்படுவர். ஆங்கிலத்தில் இவ்விரண்டற்கும் ஒரு சொல்லே உண்டு. ஓதுவார் 'நம்' என்று பாடுங்கால், முற்றத்தில் நின்று கேட்குஞ் சிறுமகவும் அவ்வுரிமையுட் புகுகின்றது. அவ்வழைப்பு மொழிபெயர்ப்பில் அழிந்தொழிகின்றது.

அற்றேல், மக்களை விலைகொண்ட கொடுமையை அடிமை என்னுஞ் சொல் நினைப்பிக்குமன்றோவெனின், நினைப்பிக்கும். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆங்கிலேயர் தங் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டஞ் செய்தது 1833-இல். இந்தியாவில் அதற்குச் சட்டம் பிறந்தது 1843-இல். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் ஆள்விலைச் செய்திகள் உள. அவ்விலையடிமை முழுதும் வெறுக்கத்தக்கதே. ஆயின் சைவர் கூறும் அடிமை விலையான் வந்ததன்று; வலியான் வந்ததுமன்று. பதியைப் போலவே உயிரும் அநாதி. அவன் உடையானாதலும், உயிர் உடைமையாதலும் அநாதியே. ஒருநாட் சேர்ந்து மற்றொருநாள் நீங்குங் கூட்டத்தின் உறுப்பாண்மை இதற்கு ஒப்பாகாது.

இவ்வடிமையின் முடிவு யாதென்பதற்கு நம்பியாரூரர் வரலாறே சான்று. திருமணப் பந்தரில் முதியவராய் வந்த இறைவன், நம்பியின் பாட்டனார் தாமுந் தம் வழிவருவாரும் ஆளென எழுதிக்கொடுத்த ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டி வழக்கு வென்றான். வென்றவன் செய்தது யாது? அவ்வாளினையே தனக்குத் தோழராக்கினான். 'தம்பிரான் தோழர்' என்னும் பெயர் அவ்வழி வந்தது. சிவஞானசித்தியாரும் தாதமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என நான்கினை வகுத்தது. ஏவலாளனுக்குப் பின்னரே மைந்தன். மைந்தனுக்குப் பின்னரே தோழன். ஆட்படுதலே உறவின் முதற்படி. அப்படியை இடித்தெறிந்து மைந்தனை மட்டும் நிறுத்துவார், ஏணியின் அடியை வெட்டி மேலேற முயல்வாரை ஒப்பர்.

ஆங்கிலமே ஆகாதென்பது இதன் கருத்தன்று. நல்லசாமிப் பிள்ளை 1895-இற் சிவஞானபோதத்தையும், போப்பையர் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டு, அறியாதார் பலர்க்கு வழி திறந்தனர். அந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆயினும், தருக்கம் வேற்றுமொழியிற் செல்லுமளவு உறவுச்சொல் செல்வதில்லை. 'குரு', 'யோகம்' முதலிய சொற்களை ஆங்கிலர் தம்மொழியில் அவ்வாறே ஏற்றனர். அங்ஙனமே 'அடியார்', 'தமர்', 'எம்பிரான்', 'நம்பெருமான்' என்பவற்றையும் உள்ளவாறே நிறுத்தி, அருகே பொருளை விளக்குதல் அமையும். ஆங்கில விளக்கம் நூறு பக்கம் நீளினும் கேடில்லை. அச்சொல் ஒன்று நீங்கினாற் கேடுண்டு. பிள்ளைகள் தமிழை மறந்தாராயினும், தாம் யார்க்கு உரியார் என்பதை உணர்த்தும் இந்நான்கு சொற்களையேனும் அவர் நாவில் வைத்தல் பெற்றோர் கடனாம்.