மலையே சரிவு தந்திருக்கிறது, பம்பு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருத்தணியில் சென்ற வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் அடிவாரத்து மழைநீர் வடிகால் நிறைந்து ஓடியது. மலைக்கோயிலுக்கு வந்தவர்கள் மொட்டை போட்டுக் குளித்த சோப்புத் தண்ணீர், விடுதிகளின் கழிவறைத் தண்ணீர், ஓட்டல் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சாம்பல் நிற நுரையாக நந்தியாற்றுப் பக்கம் போயின. தலையில் சந்தனம் காயாத கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் மூக்கைப் பொத்தியபடி அதைத் தாண்டினார். வயிறு எரிந்தது.

பொறுப்பில் உள்ள ஒருவரிடம் முறையிட்டேன். "எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்து, பம்பு வைத்துத் தள்ளி, பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டினால்தான் தீரும், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன் ஐயா, பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். சில நாள் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் மின்சாரம் தின்னும் எந்திரமா? தேவைக்கு மீறிய கொள்ளளவே வடிவமைப்புக் குறை என்று பால் அனஸ்தாஸும் ஜூலி ஜிம்மர்மேனும் 2003இல் வகுத்த பசுமைப் பொறியியலின் பன்னிரண்டு நெறிகளிலேயே இருக்கிறது. கழிவு உண்டான பின் சுத்தம் செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பதும் அதில் உண்டு. திட்டம் போடுகிறவர்கள் ஒருமுறையாவது படிக்கட்டும்.

குளியல் தண்ணீரையும் கழிவறைத் தண்ணீரையும் ஏன் கலக்க வேண்டும்? குளியல் தண்ணீரைத் தனியே பிரித்து, கல்வாழையும் கோரையும் நட்ட ஜல்லிப் படுகை வழியாக விட்டால் தோட்டத்துக்கு ஆகும். தண்ணீர் தானே இறங்கி ஓட மலைச் சரிவு இருக்கிறது. விழாக் கூட்டத்துக்குத் தற்காலிகத் தொட்டிகள் போதும். செப்டிக் டேங்க் கசடுக்குத் தனி நிலையம் வேண்டுமானால் கருங்குழியில் அப்படி ஒன்று 2017 முதலே நடக்கிறது. போய்ப் பார்த்து வரலாம். மலையிலிருந்து இறங்கும் மழைநீரைச் சாக்கடையில் விடாமல் குளங்களுக்குத் திருப்புங்கள். மழைநீர் சேகரிப்பை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய அரசுக்கு அந்தக் கட்டாயம் கிடையாதா?

இதற்கெல்லாம் இடமில்லை என்பார்கள். வாகன நிறுத்தத்துக்கு மட்டும் இடம் எப்படிக் கிடைக்கிறது?

இது எங்கள் ஊரோடு முடிகிற விவகாரமும் அல்ல. நந்தியாறு கொசஸ்தலையில் சேர்கிறது. கொசஸ்தலை பூண்டிக்குப் போகிறது. பூண்டித் தண்ணீரைக் குடிப்பது சென்னை.

அந்தப் பெரிய நிலையத்துக்கு டெண்டர் விடும் முன் திட்ட அறிக்கையைத் தமிழில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். மின்கட்டணமும் பராமரிப்புச் செலவும் எவ்வளவு, யார் தலையில் விழும் என்பதையும் அதில் எழுதுங்கள். அதற்கும் முன்பாக, அடிவாரத்து மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கும் கழிவறைக் குழாய்களை உடனே அடைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருத்தணி.