இரும்பின் இரு பிறப்பு

கரியாஹாட் நாற்சந்தியின் கடைவீதியில் மாலை வேளையில் செல்லும் நம் தாய்மார்கள், இரும்புத் தோசைக்கல்லைக் கையிலெடுத்து, கனம் போதுமா என்று நிதானித்து, பிறகே விலை பேசத் தொடங்குவர். அந்த இரும்பு எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்பவர் சிலர்; அதன் வயது என்ன என்று கேட்பவர் மிகச் சிலர். இத்திங்கள் அந்த இரண்டாவது கேள்வியையே நாம் எடுத்துக்கொள்வோம்.

நாம் குடிபுகுந்துள்ள இந்நகருக்கும் இரும்புத் தாதுவுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1851-ஆம் ஆண்டு தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தலைமையகம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. அத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்க அறிஞர் பிரமத நாத் போஸ், மயூர்பஞ்ச் சமஸ்தானத்துக் கொருமஹிசானி மலையில் உயர்ந்த தாது இருப்பதைக் கண்டு, 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி ஜம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் பயனாகவே சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்து, 1912-இல் உருக்கு வார்க்கப்பட்டது. அவ்வூரே இன்றைய ஜம்ஷெட்பூர். நம்மவர் குடும்பங்கள் பல பிழைப்புத் தேடிச் சென்ற ஊரும் அதுவே.

நிற்க. அம்மலைகளில் தாது எவ்வாறு வந்தது? பல்லுக்கும் பறவைக்கும் இரு பிறப்பு என்பர் பெரியோர். சிறந்த இரும்புத் தாதுவுக்கும் அவ்வாறே இரு பிறப்பு உண்டு. ஆதியில் கடல்நீரில் பிராணவாயு மிகக் குறைவு. ஆகவே கடலடி வெந்நீர் ஊற்றுகள் கொணர்ந்த இரும்பு, துருப்பிடிக்காமல் நீரிலேயே கரைந்திருந்தது. நுண்ணுயிர்களின் செயலால் அது மெல்லத் துருவாகி அடியில் படிந்தது; இடையிடையே மணற்சத்தாகிய சிலிக்காவும் படிந்தது. கரை போட்ட புடவைகளை அடுக்கி வைத்தாற்போல் சிவப்பும் வெளுப்புமாக அமைந்த இப்பாறையில் இரும்பு நூற்றுக்கு முப்பது பங்கு அளவே இருக்கும். இது முதற் பிறப்பு. பின்னொரு காலத்தில் நீர் புகுந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, எஞ்சிய இடத்தில் இரும்பு நூற்றுக்கு அறுபதுக்கும் மேலாகச் செறிந்தது. இது இரண்டாம் பிறப்பு. ஆலை விரும்புவது இதனையே.

இவ்விரு பிறப்புகளுக்கும் ஜாதகம் கணிப்பவையே ஐசோடோப்புகள். ஒரே மூலகத்தின் அணுக்கள் குணத்தில் ஒத்திருந்தும் எடையில் வேறுபடுவதுண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் பருத்தும் ஒருவன் மெலிந்தும் இருப்பது போல. இயற்கை இரும்பில் 54, 56, 57, 58 என நான்கு எடைகள் உண்டு. கரைந்த இரும்பில் ஒரு பகுதி மட்டும் துருவாகும்போது, துருவில் 56 எடையுள்ளது சற்று மிகுதியாகச் சேரும். முழுவதும் துருவானால் அவ்வேறுபாடு தோன்றாது. ஆகவே பழம்பாறையில் இவ்விகிதத்தை அளந்தால், அக்கடலில் பிராணவாயு எவ்வளவு அரிதாயிருந்தது என்பதை உய்த்துணரலாம். பாறையிலுள்ள பிராணவாயுவின் 16, 18 என்னும் எடைகளின் விகிதமோ, சிலிக்காவைக் கரைத்த நீர் மழைநீரா, ஆழத்து வெந்நீரா என்பதற்குச் சான்று பகரும்.

காலத்தைக் காட்டும் கடிகாரம் யுரேனியம். அதன் 238 எடையுள்ள வகை, பாதியளவு ஈயமாக மாறுவதற்கு ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். கனிமம் ஒன்றில் யுரேனியம் எவ்வளவு, அது ஈன்ற ஈயம் எவ்வளவு என்று அளந்தால் அதன் வயது புலப்படும். ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைகளில் உள்ள பெருந்தாது சுமார் 220 கோடி ஆண்டுகளுக்கு முன் செறிந்தது என்று முன்பு கருதினர். 2024-ஆம் ஆண்டில் அறிஞர்கள் இரும்புக் கனிமத்தையே இம்முறையில் நேரே அளந்து, அது 140 கோடி முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது என்று வெளியிட்டனர். பாறை படிந்ததோ அதற்கு நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் முந்தி!

நம் அண்டையிலுள்ள சிங்பூம், ஒடிசா தாது மண்டலம் இதனினும் மூத்தது. அதன் தென்பகுதியில் இரும்புப் பாறைக்கு அடியிலுள்ள எரிமலைப் பாறையின் சிர்கான் மணிகள் ஏறக்குறைய 351 கோடி ஆண்டு வயதுடையவை. ஆனால் நோவாமுண்டி முதலிய இடங்களின் தாது எந்நீரால் செறிந்தது என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதன்று. மழைநீர் செய்த தாது மலையின் மேற்பரப்பை ஒட்டி நின்றுவிடும். ஆழத்து வெந்நீர் செய்ததோ பாறைப் பிளவுகளைத் தொடர்ந்து கீழே இறங்கக்கூடும். சுரங்கம் இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சோறிடும் என்பது இதைப் பொறுத்ததன்றோ?

நம் சேலத்துக் கஞ்சமலையை நினைத்துப் பாருங்கள். அதன் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தால் உருமாறியவை. ஆயினும் இரண்டாம் பிறப்பு அங்கே வாய்க்காமையால் இரும்பு செறியவில்லை. 1830-ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிச் சேலத்துத் தாதுவை உருக்கினார், அத்தொழில் நிலைக்கவில்லை. 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையும் கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக அமையவில்லை. துருப்பிடியா உருக்குத் தகடு செய்யும் ஆலையாகவே அமைந்தது. நம்மவர் சிலர் ஊரை விட்டு இரும்பைத் தேடி வடக்கே வந்ததற்கு, மனிதர் தோன்றுமுன்னரே பாறையில் எழுதப்பட்ட காரணமும் ஒன்று உண்டென்று தோன்றுகிறது.

ஆதலின் அன்பர்களே, பழைய தோசைக்கல் துருவேறிற்று என்று எறிந்துவிடாதீர்கள். தேய்த்து, எண்ணெய் தடவி, அடுப்பிலேற்றிப் பழக்குங்கள். பூமி கோடிக்கணக்கான ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளைப் பேணுவது நமக்கு இரண்டு நிமிஷ வேலைதான்.