வல்லாட்டத் தாளில் இடம்பெறாத தமிழ்

2024 திசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலக வல்லாட்ட வாகைக்கான 14ஆம் ஆட்டம். ‘செசு’ என ஆங்கிலத்தாலும் ‘சதுரங்கம்’ என வடசொல்லாலும் தமிழர் அழைத்துப் பழகிவிட்ட ஆட்டம் இதுவே. சீன நாட்டுத் திங் இலிரென் தம் 55ஆம் நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எதிரில் இருந்த 18 அகவை இளைஞர் குகேசு அதனைக் கண்டுகொண்டார். சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்தது. 7½க்கு 6½ என்னும் கணக்கில் வாகை அவருடையதாயிற்று. கண்ணீர் வழிய வழியக் காய்களை மீண்டும் அவ்வவற்றின் கட்டத்தில் அடுக்கி வைத்தார் அவ்விளைஞர். 2013இல் ஆனந்து சென்னையில் வாகையை இழந்தபோது, பார்வையாளருள் ஒருவராய் இருந்த 7 அகவைச் சிறுவரும் அவரே.

செய்தி வந்ததும், “தெலுங்குப் பிள்ளை” என்று ஒரு சாராரும் “சென்னைப் பிள்ளை” என்று மறு சாராரும் உரிமை கொண்டாடினர். பிள்ளைக்குப் போட்டியிட்ட தமிழர், ஆட்டத்தில் தம் மொழிக்குரிய இடத்தைக் கேட்டனரா? இல்லை.

போட்டியில் ஆடுவோர் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதியாக வேண்டும். காயின் பெயர்க்குரிய முதலெழுத்தை அவரவர் நாட்டில் வழங்கும் பெயரிலிருந்தே எழுதிக்கொள்ளலாம் என்று அனைத்துலகக் கூட்டமைப்பின் ஆட்டச் சட்டப் பின்னிணைப்பே இசைவளிக்கின்றது. குதிரையைப் பிரஞ்சியர் பிரஞ்சுச் சொல்லின் எழுத்தாலும், செருமானியர் செருமன் சொல்லின் எழுத்தாலும், உருசியர் உருசிய எழுத்தாலும் குறிக்கின்றனர். உலகம் திறந்து வைத்த இக்கதவுள் தமிழன் நுழையவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வாட்டம் ஆங்கில எழுத்திலேயே பழக்கப்படுகின்றது. குற்றம் ஆடும் பிள்ளையுடையதன்று, கற்பிக்கும் நாட்டுடையது.

அரசனும் அரசியும் அமைச்சனும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றனவே என்று தடை கூறுவார் உளர். ஆங்கிலத்திலும் உருசியத்திலும் அரசனும் குதிரையும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆங்கிலேயர் குதிரைக்கு அடுத்த எழுத்தை எடுத்துக்கொண்டனர்; உருசியர் அரசனுக்கு ஈரெழுத்து இட்டனர். அவர்க்கு வழி தோன்றியது. தமிழர்க்கு மட்டும் தடை தோன்றுகின்றது!

பலகையிட்டு ஆடும் ‘வல்’ என்னும் ஆட்டத்தையும், அதன் பலகையையும், ‘நாய்’ என்னும் அதன் காயையும் தொல்காப்பிய எழுத்ததிகாரமே சுட்டுகின்றது. அதுவே இன்றைய ஆட்டம் என்பதன்று. ஆனால், பெயர் சூட்டத் தெரிந்த இனம் பெயரைக் கடன் வாங்கி நிற்பது இழிவன்றோ? 2022இல் மாமல்லபுரத்தில் உலகப் பெரும்போட்டி நடந்தபோது, குதிரைக்கு வேட்டி உடுத்தித் ‘தம்பி’ என்று பெயரிட்டனர். குதிரைக்குக் கிடைத்த தமிழ்ப்பெயர் ஆட்டத்திற்குக் கிடைக்கவில்லை. ஆட்டம் ‘செசு’வாகவே நின்றது!

இது வெறும் பெயர்ப்பூசல் அன்று. உசிலம்பட்டியிலோ செய்யாற்றிலோ தமிழ்வழியில் பயிலும் ஒரு சிறுமியின் கூர்மதிக்கு என்ன குறை? ஆயினும், தொடக்க நகர்வு நூலும் இறுதிநிலை நூலும் அவள் மொழியில் போதிய அளவு இல்லை. ஆங்கிலம் கற்ற பின்னரே அவள் ஆட்டத்தை ஆழ்ந்து கற்க முடியும் என்றால், முதற்காய் நகரும் முன்னரே அவள் ஒரு யானையை இழந்தவள் ஆகின்றாள்.

செந்தோசாத் தீவு அமைந்த சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. கடல் கடந்த நாடு தந்த இடத்தைத் தாய்நாட்டுப் பயிற்சிக்கூடம் தரக் கூசுவதோ? தமிழாசிரியரே! ஆட்டம் பயிற்றுநரே! வல்லாட்டம் எனச் சொல்லுங்கள். காய்களைத் தமிழால் அழையுங்கள். நகர்வுகளைத் தமிழால் எழுதப் பழக்குங்கள். நூல்களைத் தமிழில் ஆக்குங்கள். சட்டம் தடுக்கவில்லை, உலகம் தடுக்கவில்லை. தடுப்பது தமிழனின் அடிமை மனமே. அதனை முதலில் வெட்டி வீழ்த்துக!