நாற்காலிக்கு மேல யாரு? ஹங்கேரி பிரதமர் பதவி சொல்ற பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஷேர் பண்றதுக்கு முன்னாடி முழுசா படிச்சிடுங்க.

"பிரதமர்னா நாட்டுல எல்லாமே அவர்தானே?" இப்படி நினைக்கிறவங்க ஹங்கேரி வரலாற்றை ஒருமுறை பார்க்கணும். அங்கே அந்த நாற்காலி பல பேரோட உயிரையே குடிச்சிருக்கு.

👉 1848: முதல் பிரதமர் லாயோஷ் பாத்தியானி. ஹங்கேரி அப்போ ஆஸ்திரியப் பேரரசின் கீழ். நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் முதல் அரசு அவருடையது. புரட்சியை நசுக்கிய பேரரசு, 1849 அக்டோபர் 6-ல் அவரைச் சுட்டுக் கொன்றது.

👉 1867: அதே பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப், ஹங்கேரியோடு சமரசம் பேசி ஜூலா ஆந்த்ராஷியைப் பிரதமர் ஆக்கினார். இந்த ஆந்த்ராஷி யார் தெரியுமா? அதே புரட்சிக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, வெளிநாட்டில் இருந்ததால் உயிர் தப்பியவர்!

👉 1941: பிரதமர் பால் தெலெகி. யூகோஸ்லாவியாவோடு நட்பு ஒப்பந்தம் போட்டு நாலு மாசம்கூட ஆகலை. ஹிட்லர் படை ஹங்கேரி வழியா அதே நாட்டைத் தாக்கக் கிளம்புது. நாட்டுத் தலைவர் ஹோர்த்தி ஜெர்மனி பக்கம். ஏப்ரல் 3-ல் தெலெகி தற்கொலை செய்துகொண்டார்.

👉 1956: மக்கள் எழுச்சியில் மறுபடியும் பிரதமரானவர் இம்ரே நாகி. நவம்பர் 4-ல் சோவியத் டாங்குகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தவரை, "ஒண்ணும் செய்ய மாட்டோம்"னு வாக்குக் கொடுத்து வெளியே வரவெச்சுக் கைது பண்ணாங்க. 1958 ஜூன் 16-ல் தூக்கு.

கவனிச்சீங்களா? நாற்காலியில பிரதமர் இருக்கார். ஆனா அவருக்கு மேல எப்பவும் ஒருத்தர். ஒரு காலம் வியன்னா, ஒரு காலம் பெர்லின், அப்புறம் மாஸ்கோ. கம்யூனிஸ்ட் ஆட்சியில் பிரதமரை விடக் கட்சிச் செயலாளர்தான் பெரிய ஆள். யானோஷ் காதார் பிரதமரா இருந்தது சில வருஷம்தான். ஆனா கட்சித் தலைவரா நாட்டை ஆண்டது 1956-லிருந்து 1988 வரை!

1989 ஜூன் 16. தூக்கிலிடப்பட்டு சரியா 31 வருஷம் கழிச்சு, நாகிக்கு மரியாதையோட மறு அடக்கம். புடாபெஸ்டில் மக்கள் வெள்ளம். மேடையில 26 வயசு இளைஞர் ஒருத்தர், "சோவியத் படையே வெளியேறு"ன்னு முழங்கினார். பேரு விக்டர் ஓர்பான்.

1990-ல் சுதந்திரமான தேர்தல். யோசெஃப் ஆந்தால் பிரதமர். நாற்காலிக்கு மேல இப்போ யாரும் இல்லை. ஆனா சுத்திலும் காவல் இருந்துச்சு: நாடாளுமன்றம், வலுவான அரசியலமைப்பு நீதிமன்றம். பிரதமரை இறக்கணும்னா அடுத்த பிரதமர் யாருன்னு சேர்த்தே தீர்மானம் கொண்டு வரணும். சும்மா கவிழ்க்க முடியாது, சும்மா ஆளவும் முடியாது.

2010-ல் அதே ஓர்பானோட ஃபிடெஸ் கூட்டணிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைச்சுது. அங்கே அரசியலமைப்பை மாத்த அது போதும். 2012-ல் புது அரசியலமைப்பு அமலுக்கு வந்துச்சு. பட்ஜெட், வரிச் சட்டங்களை நீதிமன்றம் ஆராயும் அதிகாரம் வெட்டப்பட்டது. நாடாளுமன்ற இடங்கள் 386-லிருந்து 199 ஆச்சு, தேர்தல் முறையும் மாறுச்சு. 2014-ல் சுமார் 45% ஓட்டுக்கு 133 இடம். மறுபடியும் மூன்றில் இரண்டு!

"ஜெயிக்க வெச்சது மக்கள்தானே?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010-லிருந்து 2022 வரை வரிசையா நாலு தேர்தல்ல ஜெயிச்சார், மறுக்கலை. ஆனா ஓட்டு கொடுக்கிறது ஆளுற உரிமையை. கேள்வி கேட்கிறவங்க கையைக் கட்டுற உரிமையை இல்லை.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், என் பாணியில சொல்றேன். ஃபியூஸைப் பிடுங்கிட்டு நேரா ஒயரைக் கொடுத்தாலும் லைட் பிரகாசமா எரியும். ஷார்ட் சர்க்யூட் ஆகுற அன்னைக்குத்தான் வீடே எரியும்.

2018 டிசம்பர்ல, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த நாகி சிலையை அகற்றி வேற இடத்துக்குக் கொண்டு போனாங்க. அடுத்த மாசமே பிரதமர் அலுவலகம் நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புடா கோட்டை மேட்டுக்குக் குடிபோச்சு. அன்னைக்குப் பிரதமர் யாரு? நாகிக்காக மேடையில முழங்கின அதே ஓர்பான்!

நாற்காலிக்கு மேல ஒரு எஜமான் இருந்தா, அது அடிமைத்தனம். நாற்காலியைக் கேள்வி கேட்க ஆளே இல்லைன்னா, அதுவும் மக்களாட்சி இல்லை. நீங்க ஓட்டு போடுற ஆளா இருந்தாலும் சரி, நமக்குப் பிடிச்ச தலைவரா இருந்தாலும் சரி, ஃபியூஸ் இருக்கான்னு முதல்ல பாருங்க.

உங்க கருத்தை கமெண்ட்ல சொல்லுங்க. படிச்சதை நாலு பேருக்குக் கொண்டு போங்க. ✊

#கேள்விகேட்போம் #மக்களாட்சி #வரலாறுஅறிவோம்